‘போலி’ வேண்டாம், ‘மடக்கிலாப் பளிங்கு’ என்போம்

வணக்கம்.

குவாசிக் கிறிஸ்டல் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் அந்த அடுக்கு திரும்பத் திரும்ப வராத திண்மம். ‘குவாசி’ என்றால் ‘ஏறத்தாழ’, ‘போன்ற’ என்று பொருள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக மதுரை ஐயா ‘போலிப்படிகம்’ என்று முன்வைத்ததையும், மட்டக்களப்புத் தங்கச்சி ‘குறைப்பளிங்கு’ என்று எழுதியதையும் வாசித்தேன். இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை சுவர்ப்பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிய பிள்ளை ஒருத்தி, ‘போலிப் பளிங்கு’ என்று தலைப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தாள். “சேர், போலி என்றால் இது பளிங்கே இல்லைத்தானே? பிறகு ஏன் நோபல் பரிசு குடுத்தவை?” என்று கேட்டாள். பொருளைப் படிக்க முதலே சொல் அவளைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது.

பளிங்கா படிகமா என்பதை இங்கே கிளற வேண்டாம். எங்கள் பாடநூல்களில் பளிங்கு. தமிழகத்தில் படிகம், அங்கே பளிங்கு என்றால் சலவைக்கல். அவரவர் சொல்லோடு போகட்டும். எனக்குச் சிக்கல் முன்னொட்டில்தான்.

வகுப்பில் நான் செய்துகாட்டுவது இது. ஓர் உப்புக்கல்லைக் கைவில்லைக்குக் கீழே வைத்தால் சதுரச் சதுரமாக முகங்கள் தெரியும். உள்ளே அயன்கள் ஒரே அளவில் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பதுதான் காரணம். கோலத்துக்கு நேர்ப்புள்ளி வைப்பது மாதிரி. ஊடுபுள்ளி வைத்தால் அறுகோணம் வரும். இந்த இரண்டையும் முற்றம் முழுக்க நீட்டிக்கொண்டே போகலாம். ஐங்கோணத்தால் அது ஆகாது. அட்டையில் ஒழுங்கான ஐங்கோணங்களை வெட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். மூன்றை ஒரு முனையில் சேர்த்தால் 324 பாகை. மிச்சம் 36 பாகை வாய் பிளந்து நிற்கும், நான்காவது நுழையாது. பளிங்குக்கு ஐம்மடிச் சமச்சீர் (ஐந்தில் ஒரு சுற்றுத் திருப்பினாலும் அதே தோற்றம்) கிடையாது என்று நூல்கள் எல்லாம் சொல்லிவந்தது இதனால்தான்.

1982 ஏப்ரல் 8ஆம் திகதி, பின்னாளில் இதற்காக நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி டான் ஷெக்ட்மன், அமெரிக்காவில் இருந்தபோது, உருக்கிச் சடுதியில் குளிரவைத்த அலுமினியம்-மங்கனீசுக் கலப்புலோகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கோணல் கோலத்தில் (கதிர்கள் அணு அடுக்கில் பட்டுச் சிதறி உண்டாக்கும் புள்ளிக்கோலம், diffraction pattern) வட்டமாகப் பத்துப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஊசிமுனை மாதிரிக் கூர்மை. ஒழுங்கில்லாத கண்ணாடியென்றால் மங்கல் வளையம்தான் வரும். கூர்மை ஒழுங்கைக் காட்டுகிறது, ஐந்தின் இருமடங்கான பத்து என்ற எண்ணோ அந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வர முடியாது என்கிறது. குறிப்பேட்டில் பத்துமடி என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார். கட்டுரை வெளிவர 1984 நவம்பர் ஆயிற்று.

இனித்தான் எனக்கு வலிக்கிற இடம். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. குவாசிப் பளிங்கு என்று ஒன்றுமில்லை, குவாசி விஞ்ஞானிகள்தான் உண்டு என்று அவர் சொன்னதாக ஷெக்ட்மன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த முன்னொட்டையே வசவாக்கி மனிதர்மேல் எறிந்திருக்கிறார்கள். நாம் ‘போலி’ என்று மொழிபெயர்த்தால் பாலிங்கின் பக்கம் போய் நிற்கிறோம். முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் நல்ல பொருளில் வருகிறதே என்று ஐயா எழுதியது உண்மைதான். ஆனால் போலி மருந்து, போலி வைத்தியர் என்று தினசரி வாசிக்கும் பிள்ளைக்கு அறன்-அறம் நினைவுக்கு வராது.

‘குறை’யும் சரிவராது. 1992இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் பளிங்கின் வரைவிலக்கணத்தையே மாற்றியது. கோணல் கோலத்தில் தெளிவான தனித்தனிப் புள்ளிகள் வந்தால் அது பளிங்கு. அடுக்கு திரும்ப வரவேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. அன்றிலிருந்து இது குறையில்லாத, முழுப் பளிங்கு.

இன்னொன்று. பௌதிக அறிஞர்கள் லெவினும் ஸ்டைன்ஹார்ட்டும் குவாசிக் கிறிஸ்டல் என்ற பெயரை வைத்தபோது ‘குவாசி ஆவர்த்தனப் பளிங்கு’ என்பதைத்தான் சுருக்கினார்கள் (ஆவர்த்தனம் என்றால் திரும்பத் திரும்ப வருதல்). குவாசி தொட்டுக்கொண்டு நிற்பது ஆவர்த்தனத்தை, பளிங்கை அல்ல. ஆகவே தமிழிலும் அடைமொழி அங்கேதான் போய் ஒட்டவேண்டும்.

‘மீளா’ என்று போடலாமா என்று யோசித்தேன். ஆனால் மீளுந் தாக்கம், மீளாத் தாக்கம் என்று இரசாயனவியலில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. அப்புறம்தான் ‘மடக்கு’ அகப்பட்டது. செய்யுளில் அதே எழுத்துத்தொடர் மறுபடி வந்தால் மடக்கு என்கிறோம். அது இல்லாதது மடக்கிலாப் பளிங்கு. ‘மடக்கிலா’ திரும்ப வராமையைச் சொல்கிறது, ‘பளிங்கு’ ஒழுங்கைச் சொல்கிறது. கண்ணாடியிலும் மடக்கில்லை, ஆனால் அது பளிங்கில்லை.

மடக்குக் கதிரை நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். வரட்டும். ஆவர்த்தன அட்டவணை என்கிறபோது கச்சேரித் தனி ஆவர்த்தனத்தோடு யாரும் குழம்புவதில்லை.

மடக்கிலா என்பதற்கு வலுவான எதிர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1985இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் கண்டறிந்த பதின்கோண வகைப் பளிங்கில், அணுக்கள் அடுக்கிய தளத்துக்குள் மடக்கில்லை. ஆனால் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மடக்கு உண்டு. இதை மறைக்கக்கூடாது. அதை ‘ஈர்திசை மடக்கிலாப் பளிங்கு’ என்றும், ஷெக்ட்மன் கண்ட இருபதுமுகி வகையை ‘முத்திசை’ என்றும் சொல்லலாம். இப்படிப் பிரித்துக்காட்ட ‘போலி’யில் இடமேயில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் சங்கதியுமில்லை. எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கன் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. அதாவது தைத்தேனியமும் சிர்க்கோனியமும். இவற்றோடு நிக்கலும் சேர்ந்த கலப்புலோகத்திலும் மடக்கிலாப் பளிங்கு உருவாகும், அது ஐதரசனை நிறைய உள்வாங்கும். அந்தப் பிள்ளையின் ஊர் புல்மோட்டைதான். இதைச் சொன்னதும் கட்டுரையின் தொடக்கத்தையே மாற்றிவிட்டாள்.

கடைசியாக ஓர் உதவி. உள்ளமைப்பில் இதைப்போலவே இருந்து, பெரிய அலகாகத் திரும்பத் திரும்ப வருகிற பளிங்குகளும் உண்டு. அவற்றுக்கு ‘அண்ணளவுப் பளிங்கு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். ஐயா, ‘அண்ணளவு’ உங்கள் பக்கம் வழக்கில் இருக்கிறதா, இல்லை ‘தோராய’ என்றால்தான் விளங்குமா? தங்கச்சி, நீங்களும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சுவர்ப்பத்திரிகை ஒட்டுகிறோம்.