வேண்டாத தபால், நிரம்பி வழியும் மெயில்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கிளிஞ்சல்:
அப்பா பெயருக்கு இன்னும் தபால் வந்துகொண்டிருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. வங்கி, காப்பீடு என்று எல்லா இடத்திலும் பெயரை எடுத்தாயிற்று. விளம்பரக் கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. போன வாரம் பளபளவென்று ஓர் உறை. மேலே அவர் பெயர், கீழே "உங்கள் ஓய்வுக்காலத்துக்கு எங்கள் அன்புப் பரிசு" என்று பெரிய எழுத்தில். கிழித்துப் போடப் போனேன். அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முகவரிச் சீட்டை மட்டும் நகத்தால் ஓரம் ஓரமாகக் கிழியாமல் உரித்து எடுத்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். மீதியை என்னிடம் நீட்டி, "இதைப் போட்டுடு" என்றார். அனுப்பியவர்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாளரம்:
எனக்குத் தபால் இல்லை, மெயில். தங்கை வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் நன்றாகவே போயிருந்தது. அப்புறம் சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் ஃபோன் செய்து கேட்டால், "ஆணை அனுப்பினோமே, பதில் வராததால் அடுத்தவரை எடுத்துவிட்டோம்" என்கிறார்கள். ஸ்பாம் பெட்டியைத் திறந்தோம். மேலே லாட்டரிப் பரிசு, கீழே எடை குறைக்கும் மாத்திரை, நடுவில் "பணி நியமனம்: வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும்". அன்றைக்குத் திங்கள். அவள் அழவில்லை. அந்தத் தலைப்பு வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள், அவ்வளவுதான். ஜிமெயிலில் ஸ்பாமில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழிந்துவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரிகூடக் கண்ணில் பட்டிருக்காது. குப்பை அனுப்புகிறவன் வெறும் தொந்தரவுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மூன்றாம்படி:
கிளிஞ்சல், அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் கோபப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். உறையைப் பிரிக்காமல், மேலேயே "பெறுநர் காலமாகிவிட்டார், அனுப்பியவருக்கே திருப்பவும்" என்று எழுதித் தபால்பெட்டியில் போடுங்கள். மொத்தமாக அனுப்பும் விளம்பரத் தபால் எல்லாமே திரும்பிப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் நிறுவனத்துக்குத் தனியாக ஒரு கடிதமும் போட வேண்டும். பட்டியலை வேறு யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று அதிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ஒருவர் நிறுத்தினாலும் இன்னொருவர் ஆரம்பிப்பார். பிரிட்டனில் இறந்தவர் பெயரை விளம்பரப் பட்டியல்களிலிருந்து எடுக்கவே தனிப் பதிவேடு இருக்கிறது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும்.

அப்புறம் மெயிலுக்கு வருகிறேன். "அன்சப்ஸ்கிரைப் பட்டனைத் தொடாதே, தொட்டால் இன்னும் அதிகமாக வரும்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. யாரென்றே தெரியாத மோசடி மெயிலில் உள்ள லிங்க் எதையும் தொடக் கூடாது, ஸ்பாம் என்று குறித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் நாம் எப்போதோ பொருள் வாங்கிய கடை, பதிவு செய்த செயலி மாதிரி இடங்களிலிருந்து வருவதைத் தயங்காமல் நிறுத்தலாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பும் எவரும், விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், கேட்ட இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். ஸ்பாம் என்று வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் மெயில் செயலியே காட்டும் விலகல் பட்டனைப் பயன்படுத்துங்கள். மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று. படங்கள் தானாகத் திறப்பதை அமைப்புகளில் நிறுத்திவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை வைத்து, நாம் மெயிலைத் திறந்தோமா, எத்தனை மணிக்குத் திறந்தோம் என்று அனுப்பியவர்கள் கணக்கெடுக்கிறார்கள். எனக்கு இது தெரிய வந்ததே, ஒரு விற்பனையாளர் ஃபோன் செய்து "இப்போதுதானே எங்கள் மெயிலைப் படித்தீர்கள்?" என்று கேட்டபோதுதான். திரையில் அது அப்படியே திறந்திருந்தது. உடம்பு ஒரு நிமிடம் சிலிர்த்துவிட்டது.

தாழம்பூ:
என் பெயரே உள்ள யாரோ ஒருவர் போகிற இடமெல்லாம் என் மெயில் முகவரியைக் கொடுத்துவைத்திருக்கிறார். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான், அது அவருக்குத் தெரியாது போல. பயணச் சீட்டு, கட்டண ரசீது எல்லாம் எனக்கு வரும். அழித்துவிடுவேன். ஒரு நாள் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்தது: "முடிவு இணைக்கப்பட்டுள்ளது. தாமதிக்காமல் மருத்துவரைச் சந்திக்கவும்." இணைப்பை நான் திறக்கவில்லை. உடனே பதில் போட்டேன், இது அவருக்குப் போகவில்லை என்று. பதில் ஏற்காத முகவரி, திரும்பி வந்துவிட்டது. எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். "நீங்கள்தான் நோயாளியா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்படியானால் தகவல் தர முடியாது." எனக்குத் தகவல் வேண்டாம், அவருக்குத்தான் போய்ச் சேரணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் பயணச் சீட்டு எதுவும் வரவில்லை. சரியான முகவரியைக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஈசல்:
மூன்றாம்படி சொல்வதைப் பார்த்தால் பட்டனை அழுத்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. விதி இருப்பது மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு. நாள் ஒன்றுக்கு நூறு, இருநூறு என்று அனுப்புகிறவனை அது தொடாது. என்னிடம் வருவதில் முக்கால்வாசி அப்படிப்பட்டதுதான். விலகினால் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவான். தாழம்பூ சொன்ன மாதிரி பதிலே ஏற்காத முகவரியிலிருந்து முக்கியமான விஷயத்தை அனுப்புவதற்கு எந்த விதியும் தடை போடவில்லையே, அதைப் பற்றிப் பேசுங்கள்.

என் கதை அலுவலகத்தில் நடந்தது. யாரோ ஒரு அறிவிப்பை மொத்த நிறுவனத்துக்கும் அனுப்ப, ஒருவர் "என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும்" என்று எல்லோருக்குமே பதில் போட்டார். உடனே அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். "எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் போட்டவர்கள் அதைவிட அதிகம். மதியத்துக்குள் இன்பாக்ஸ் முழுக்க அந்த ஒரே தலைப்பு. கூட்டமாகத் தேர்ந்தெடுத்து அழித்தோம், எல்லா மேசையிலும் அதேதான் நடந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பிரிவின் மூத்த அம்மா ஒருவர் ஓய்வு பெற்றார். விடைபெறும் கடிதத்தை காலையிலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். அது அந்த வெள்ளத்தோடு போய்விட்டது. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வந்து, "யாரும் ஒன்றும் எழுதலையேப்பா" என்று என்னிடம் கேட்டார். என்ன நடந்தது என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

கிளிஞ்சல்:
மூன்றாம்படி, கடிதம் எழுதும் யோசனைக்கு நன்றி, எழுதுகிறேன். பட்டியலை எங்கே வாங்கினார்கள் என்று கட்டாயம் கேட்பேன். ஆனால் நான் இங்கே எழுதியது வழி கேட்டு இல்லை.

பனித்துளி:
ஈசலோடு எனக்கு உடன்பாடு. 1978 மே மாதம் டெக் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவர்க், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கண்டனம் வந்தது, ஆனால் கொஞ்சம் விற்பனையும் ஆனது. அந்த இரண்டாவது விஷயம் இருக்கும்வரை இது நிற்காது. அனுப்புகிறவனுக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, பிரித்துப் பார்க்கிற வேலை முழுக்க நம் தலையில்.

நான் செய்து வைத்திருப்பது ஒரே ஒரு ஃபில்டர். "அன்சப்ஸ்கிரைப்" என்ற ஆங்கிலச் சொல் உள்ள மெயில் எதுவானாலும் இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குப் போய்விடும். விளம்பர மெயிலில் அந்தச் சொல் அநேகமாக இருக்கும், மனிதர் எழுதும் கடிதத்தில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அந்த லேபிளைப் பார்த்தால் போதும்.

சாளரம்:
பனித்துளி, அந்த ஃபில்டரை வேலை தேடுகிறவர்கள் அப்படியே வைக்கக் கூடாது. வேலைவாய்ப்புத் தளங்கள் வழியாக வரும் நேர்காணல் அழைப்பிலும் அடியில் அந்தச் சொல் இருக்கும். விண்ணப்பித்த நிறுவனங்களின் முகவரிகளுக்குத் தனியாக ஒரு ஃபில்டர் போட்டு, "ஸ்பாமுக்கு அனுப்பாதே" என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். தங்கைக்கு இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஞாயிறு வரை காத்திருக்காமல் ஸ்பாம் பெட்டியையும் தினம் பார்க்கிறாள்.