10 வாட் சோலார் பேனல், அர்டுயினோவில் 3.4 வாட்தான் காட்டுகிறது. ஏன்?

மொட்டைமாடி_வெயில்:
பேனல் லேபிளில் 17.5 வோல்ட், 0.57 ஆம்பியர். எதுவும் இணைக்காமல் அளந்தால் 21.8 வோல்ட். லோடாக (பேனலின் மின்சாரத்தை இழுக்க) 10 ஓம் ரெசிஸ்டர், கரண்ட் அளக்க ஏசிஎஸ்712 (20 ஆம்பியர் வகை), ரீடிங் எடுக்கும் சிறு கன்ட்ரோலர் போர்டான அர்டுயினோ ஊனோவிலிருந்து யூஎஸ்பி வழியாக லேப்டாப். உச்சி வெயிலில் 5.8 வோல்ட்தான் வருகிறது. கரண்ட் 0.45க்கும் 0.7க்கும் இடையே குதிக்கிறது. பேனல் கோளாறா?

ஓம்_விதி:
பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, லோடுதான் தவறு. இந்தப் பேனல் எவ்வளவு இழுத்தாலும் 0.6 ஆம்பியருக்கு மேல் தராது. அது 10 ஓமில் பாய்ந்தால் 6 வோல்ட்தான் நிற்கும். 17.5ஐ 0.57ஆல் வகுங்கள், 31 ஓம் வரும். முழு வாட் கிடைக்கும் லோடு அதுதான். கடையில் 33 ஓம், 25 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் கேளுங்கள். கைசுடும் அளவுக்குக் கொதிக்கும், பிரெட்போர்டு (வயர் செருகும் பிளாஸ்டிக் பலகை) பக்கம் வைக்காதீர்கள்.

அப்போதும் 10 வாட் வராது. லேபிள் கணக்கு, பேனலின் செல்கள் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதானது. சிலிக்கான் பேனலில் ஒரு டிகிரி கூடினால் வாட் சுமார் 0.4% குறையும். செல் 60 டிகிரிக்குப் போனால் 14% போச்சு.

சென்சார்_பெட்டி:
குதிப்புக்குக் காரணம் சென்சார். 20 ஆம்பியர் ஏசிஎஸ்712 ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் தரும். ஊனோ பிரித்தறியும் மிகச்சிறிய படி 4.9 மில்லிவோல்ட், அதாவது 49 மில்லியாம்பியர். உங்கள் மொத்த கரண்டே 12 படிதான்! போதாததற்கு அதன் பூஜ்யப் புள்ளி சப்ளையில் பாதி. யூஎஸ்பி வோல்டேஜ் ஆடினால் அதுவும் ஆடும்.

வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் அளக்கும் ஐஎன்ஏ219 சென்சார் போர்டுக்கு மாறுங்கள். பேனல் பிளஸ் விஐஎன்+ இல், விஐஎன்- இலிருந்து லோடு, அதன் டேட்டா பின்களில் எஸ்டிஏ ஊனோவின் ஏ4 இல், எஸ்சிஎல் ஏ5 இல். பேனல் மைனஸையும் அர்டுயினோ கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, வோல்டேஜ் கண்டபடி வருகிறது என்பார்கள். இது 26 வோல்ட் வரைதான் தாங்கும். உங்கள் 21.8க்குப் பிரச்சினை இல்லை. காற்றாலை டைனமோவில் மட்டும் இதை அப்படியே மாட்டாதீர்கள்: லோடு கழன்று சுற்றினால் 26ஐத் தாண்டி சிப் போய்விடும்.

மொட்டைமாடி_வெயில்:
மாற்றிவிட்டேன். 16.6 வோல்ட், 0.5 ஆம்பியர், 8.3 வாட். ரீடிங் அசையவில்லை, மிக்க நன்றி. ஆனால் வெயில் பாதியானால் 3 வாட்டுக்கு விழுகிறதே?

ஓம்_விதி:
மாறாத ரெசிஸ்டரின் குணம் அது. பாதி வெயிலில் கரண்ட் 0.3, 33 ஓமில் 10 வோல்ட், 3 வாட். அதே நேரத்தில் 60 ஓம் சுமார் இருந்தால் 5 வாட்டை நெருங்கியிருக்கும். 15, 33, 68, 150 ஓம் நான்கையும் ஆளுக்கொரு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டில் (அர்டுயினோ ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) மாட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அளந்து, வாட்டில் பெரிய எண்ணை மட்டும் பதியுங்கள். ஐஆர்எஃப் வரிசை வேண்டாம், கேட் என்ற திறக்கும் காலுக்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் அது முழுதாகத் திறக்காது.

சென்சார்_பெட்டி:
லேப்டாப்பில் ரீடிங்கைப் பதிய, பைத்தானின் பைசீரியல் (யூஎஸ்பி வழி வரும் வரிகளைப் படிக்கும் நிரல் நூலகம்) போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ ரீசெட் ஆகும், முதல் 2 விநாடி வரிகளைத் தள்ளிவிடுங்கள். நேரத்தை லேப்டாப்பில் பதிந்து, வாட்-மணி கணக்குக்கு இரண்டு வரிகளுக்கு இடையிலான உண்மையான இடைவெளியால் பெருக்குங்கள். சரியாக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் மாலைக்குள் பிழை சேர்ந்துவிடும். ஒவ்வொரு வரியையும் சிஎஸ்வி ஃபைலில் உடனே ஃபிளஷ் செய்யுங்கள் (நினைவகத்தில் வைக்காமல் எழுதிவிடுவது). லேப்டாப்பின் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள்.