லேப்டாப்பில் இரண்டாவது ரேம் போட்டேன், திரை கறுப்பாகவே இருக்கிறது

இரவுவாசி:

வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப்புக்கு ஆறு வயசு, 8 ஜிபி ரேம். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன். வேர்டில் 300 பக்கக் கோப்பு, பக்கத்தில் நாலைந்து பிடிஎஃப், பிரவுசரில் இருபது டேப். எல்லாம் திறந்தால் டாஸ்க் மேனேஜரில் மெமரி 93 சதவீதத்தில் போய் நிற்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் விழ இரண்டு விநாடி ஆகும். அதே இடத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2', அதாவது ரேம் செருகும் இரண்டு இடத்தில் ஒன்று காலி என்று பார்த்ததும் தைரியம் வந்தது. அதே டிடிஆர்4 தலைமுறையில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி, நேற்று ராத்திரி அடிமூடியைக் கழற்றி நானே போட்டேன்.

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பத்து விநாடி பார்த்துவிட்டுப் பயந்து அணைத்துவிட்டேன். மூன்று தடவையும் அப்படியே. புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. பழைய ரேமின் வேகம் 2400, புதியது 3200. இந்த வித்தியாசம்தான் காரணமா? அடுத்த வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மதர்போர்டு போயிருக்குமோ என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

திருப்புளி:

பழைய ரேமோடு ஓடுகிறது என்கிறீர்கள் இல்லையா, அப்படியென்றால் போர்டு நன்றாக இருக்கிறது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அடுத்து, திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து தனியாக எடுத்து வையுங்கள். ரேம் மாற்றினால் ஹார்டு டிஸ்கில் இருப்பது அழியாது. ஆனாலும் இத்தனை வருஷ உழைப்பு ஒரே இடத்தில் இருக்கும்போது கை பதறும், பதறும் கை தப்பு செய்யும்.

3200 காரணம் இல்லை. ஒவ்வொரு ரேமிலும் சின்னதாக ஒரு சிப் உண்டு. எந்தெந்த வேகத்தில் ஓட முடியும் என்ற விவரம் அதில் இருக்கும். போர்டு அதைப் படித்து, இரண்டையும் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். உங்களுக்கு இரண்டும் 2400-இல் ஓடும். தலைமுறை மாறிப்போயிருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் வரும். தவறானது ஸ்லாட்டுக்குள் இறங்கவே இறங்காது.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, நீங்கள் காத்திருக்கவில்லை. புது ரேமைப் பார்த்ததும் போர்டு அதோடு ஒத்துப்போக நேரக் கணக்கையெல்லாம் சோதித்துப் பார்க்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. ஒரு நிமிஷம்கூட ஆகலாம், நடுவில் தானாக அணைந்து மறுபடி எழலாம். பத்து விநாடியில் அணைத்தால் அந்த வேலை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது சந்தேகம்தான் பெரியது: ரேம் முழுசாக உள்ளே போகவில்லை. தொழிற்சாலையை விட்டு வந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் திறக்காத ஸ்லாட் இறுக்கமாக இருக்கும். உடைந்துவிடுமோ என்று கை தானாகப் பின்வாங்கும். ரேமின் ஓரங்களை மட்டும் பிடித்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் சமமாகத் தள்ளுங்கள். தங்க நிறப் பற்கள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா, அந்த வரி ஏறக்குறைய முழுக்க மறைய வேண்டும். ஒரு மூலையில் மறைந்து இன்னொரு மூலையில் தெரிந்தால் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். சரியாகப் போனபிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கத்துக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும். முழுசாக நுழையாமலும் சில சமயம் கொக்கி பிடித்துவிடும், அதனால் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், தங்கக் கோட்டைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரி. என் மாமாவின் லேப்டாப்பைத்தான் நான் முதன்முதலில் திறந்தேன். மூடி வைத்திருந்ததால் அணைந்திருக்கிறது என்று நினைத்தேன். ஸ்லீப்பில் இருந்திருக்கிறது. ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே உருவினேன். அந்த ரேம் அதற்கப்புறம் எழவே இல்லை. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை, எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுசாக அணையும். சார்ஜரை உருவுங்கள். மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ரேமைத் தொடுவதற்கு முன் பெரிய இரும்புப் பொருள் எதையாவது தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும்.

அப்படியும் வரவில்லையென்றால், பழையதை எடுத்துவிட்டு அதன் ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். ஓடினால் ரேம் நல்லது, இரண்டாவது ஸ்லாட்டைச் சந்தேகப்படலாம். ஓடாவிட்டால் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நூலகப்பூனை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் ஓடும் என்று என்னிடம் அடித்துச் சொன்னார்கள். எனக்கு 4 ஜிபி போர்டிலேயே பற்றவைத்து வந்திருக்கிறது, ஒரே ஒரு ஸ்லாட்தான். அதில் 8 போட்டால் வீணா?

திருப்புளி:

கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை சகோ. தலைமுறையும் வோல்டேஜும் ஒத்துப்போனால் போதும். டிடிஆர்4 என்றால் லேபிளில் 1.2 வோல்ட் என்று இருக்கும். டிடிஆர்3 வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும், அதில் 1.5 வோல்ட்டும் உண்டு, 'எல்' சேர்ந்த 1.35 வோல்ட்டும் உண்டு. 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 போட்டால் எழாது.

4-உம் 8-உம் வீணே இல்லை. பெரும்பாலான லேப்டாப்பில் இரண்டிலும் பொதுவாக இருக்கும் 4-ம் 4-ம் ஜோடியாக, வேகமாக ஓடும். மிச்சம் 4 ஜிபி ஒற்றையாக ஓடும். தாராளமாகப் போடுங்கள். எவ்வளவு வரை ஏற்கும் என்று மட்டும் உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: டாஸ்க் மேனேஜரில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் போர்டோடு ஒட்டியது. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து ஸ்லாட் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

இரவுவாசி:

வந்துவிட்டது! சொன்னபடி பேட்டரியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது மூலையில் நூல் கனத்துக்குத் தங்கக் கோடு தெரிந்தது. கொக்கி இரண்டும் பிடித்துத்தான் இருந்தன, அதனால்தான் ஏமாந்திருக்கிறேன். எடுத்து மறுபடி நுழைத்தேன். நான் நினைத்ததைவிட நிறையவே அழுத்த வேண்டியிருந்தது. ஆன் செய்ததும் கறுப்புதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 40 விநாடி கழித்துத் தானாக அணைந்து, மறுபடி எழுந்து, லோகோ வந்தது. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணா. டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, வேகம் 2400.

இரண்டு கேள்வி. 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்று கொஞ்சம் பிடித்துவைத்திருக்கிறது, அது சரியா? இன்னொன்று, ஒரு ஸ்க்ரூ மிஞ்சியிருக்கிறது, மற்றதைவிட நீளம். முன்பக்கத்தில் ஒரு ஓட்டை இன்னும் சரியாக இறுகவில்லை, அதில் போடலாமா?

திருப்புளி:

வேண்டாம், வேண்டாம்! முன்பக்கத்தில் நீளமானதை முறுக்கினால் கை வைக்கும் தட்டு வரைக்கும் முட்டி, மேலே புடைத்துவிடும். நீளமானது பெரும்பாலும் பின்பக்கம், திரையின் கீல் பக்கம்தான் வரும். ரப்பர் கால்களுக்கு அடியில் பாருங்கள். ரிசர்வ்ட் பற்றிக் கவலை வேண்டாம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் காட்டுவதற்கு ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இன்று ராத்திரி தூங்கப்போகும்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ளாதீர்கள். கெட்ட ரேம் சத்தமில்லாமல் கோப்பைக் கெடுக்கும், உங்கள் 300 பக்கத்துக்கு அது வேண்டாம்.

இரவுவாசி:

ராத்திரி முழுக்க ஓடியது, பிழை பூஜ்யம். ஸ்க்ரூவின் ஓட்டை பின்பக்க வலது ரப்பர் காலுக்கு அடியில் இருந்தது. போட்டு மூடிவிட்டேன். அதே இருபது டேப், அதே கோப்பு, மெமரி இப்போது 58 சதவீதம். அத்தியாயத்துக்குப் போகிறேன்.