சித்தப்பா இறந்த பிறகு அவருடைய போனை என்ன செய்வது?

கேள்வி:
சித்தப்பா போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை, என்னைத்தான் மகனாக வளர்த்தார். காகித வேலையெல்லாம் சித்தி என்னிடம் விட்டிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். சிக்கல் அவருடைய போனில்தான். "ஆளே போயிட்டான், நம்பர் எதுக்குப்பா? சிம்மை ரத்து பண்ணிடு, குடும்ப குரூப்புல இருந்தும் எடுத்துடு, அவன் பேரைப் பார்த்தாலே அடிவயிறு கலங்குது" என்கிறார் அத்தை. சித்தியோ தினமும் அதைச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். யாராவது கூப்பிட்டால் எடுப்பதில்லை, திரையில் வரும் பெயரை மட்டும் பார்க்கிறார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இரண்டு பேரையும் நோகடிக்காமல் என்ன செய்யலாம்?

பதில் 1:
சிம்மை இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள். எந்த வங்கியில் கணக்கு, எந்தக் காப்பீட்டுக்குத் தவணை என்பதெல்லாம் அந்த நம்பருக்கு வரும் மெசேஜிலிருந்துதான் தெரியவரும். ரீசார்ஜ் நின்றால் கொஞ்ச காலத்தில் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். பாஸ்வேர்டை ஊகித்துப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்; பல தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிடும் அமைப்பு சில போன்களில் உண்டு. இன்னொன்று, ஓடிபி கையில் வருகிறதே என்று அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். வங்கிக்கு மரணச் சான்றிதழ் கொடுத்து முறைப்படி வாங்குவதுதான் சித்திக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் நல்ல பெயர்.

பதில் 2:
கணவரை இழந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சித்தி கையிலிருந்து போனை வாங்காதீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் "அந்தப் பத்திரம் எங்கே, இந்தக் கையெழுத்துப் போடுங்கள்" என்று என்னைக் கேட்டபோது உடம்பே கூசியது. என் கொழுந்தனார் மட்டும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு காகிதத்தோடு வருவார். எதற்கு என்று படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவைத் தருவார். அவரை இன்றும் மறக்கவில்லை.

குரூப்பிலிருந்து பெயரை எடுப்பது பெரிய வலி தம்பி. பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். அத்தைக்கும் தம்பியை இழந்த துக்கம்தானே? நேரில் போய்ப் பேசுங்கள், அவர் போனில் பழைய குரூப்பைக் கண்ணில் படாதபடி ஆர்க்கைவ் செய்து கொடுங்கள்.

அப்புறம், சித்தப்பா அனுப்பிய குரல் மெசேஜ்கள் உங்கள் எல்லார் போனிலும் இருக்குமே! யாராவது போன் மாற்றித் தொலைப்பதற்குள் சேகரித்துவிடுங்கள். என் கணவர் "வர்ற வழியில என்ன வாங்கணும்?" என்று கேட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எதற்கும் ஈடாகத் தரமாட்டேன்.

பதில் 3:
கூகுள் கணக்கு 2 வருடம் பயன்படாமல் கிடந்தால் படங்களோடு அழிக்கப்படலாம், வாட்ஸ்அப் பொதுவாக 120 நாளில். ஐபோன் என்றால், 2021 முதல் ஆப்பிளில் நமக்குப் பிறகு கணக்கைப் பார்க்க ஒருவரை நியமிக்கும் வசதி உண்டு. நியமிக்காமல் இறந்திருந்தால் கோர்ட் உத்தரவு வரை கேட்கலாம். ஃபேஸ்புக்கில் விண்ணப்பித்தால் நினைவுப் பக்கமாக மாற்றுவார்கள். அப்புறம் 'இன்று இவருக்குப் பிறந்தநாள்' என்ற அறிவிப்பு யாருக்கும் போகாது.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. போன் ஆண்ட்ராய்டு. சிம்முக்கு ரீசார்ஜ் செய்துவிட்டேன், வங்கிக்கான கடிதத்தை நாளை கொடுக்கிறேன். அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுகிறேன். குரல் மெசேஜ் அவரிடம்தான் நிறைய இருக்கும். ஃபேஸ்புக் விஷயம் சித்தி சரி என்று சொன்ன பிறகுதான்.