பாட்டையும் மிருதங்கத்தையும் தனித்தனியாப் பதிஞ்சு ஒட்டலாமோ?

கொக்குவில் குரல்:
நானே மெட்டமைச்ச முருகன் பாட்டு ஒண்டு, தோடி ராகம், ஆதி தாளம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் யூடியூப்பில போட விருப்பம். வீட்டில லப்டொப், ரெண்டு மைக் குத்தக்கூடிய இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக் கிடக்கு. முதல்ல தம்புராவோட நான் பாடிப் பதிஞ்சு, பேந்து வயலின், கடைசியா மிருதங்கம் சேத்து, ரீப்பர் எண்ட ஒலிப்பதிவு மென்பொருளில வெட்டி ஒட்டலாம் எண்டு யோசிச்சன். மிருதங்கம் வாசிக்கிறவர் வேண்டாம் எண்டுறார். உங்கட அபிப்பிராயம் என்ன?

வலந்தலை:
அவர் சொல்லுறதுதான் சரி, பிள்ளை. அனுபல்லவியில நீங்கள் ஒரு சங்கதியை (ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடுற விதம்) கொஞ்சம் இழுத்து நிப்பாட்டுறியள் எண்டு வையுங்கோ. பக்கத்தில இருக்கிறவன் வலக்கையை அடக்கி, தொப்பியில (இடக்கைப் பக்கத்துத் தலை) கும்கி எண்டுற இழுபடுற அடித்தொனி ஒண்டு மட்டும் குடுத்து விடுவான். அது காதில விழ உங்களுக்கு அடுத்த சங்கதி வேற மாதிரி வரும். ஏற்கனவே பதிஞ்ச குரலுக்கு வாசிக்கிறவன் உங்களைத் தொடரலாம், உங்களுக்கு ஒண்டும் தர ஏலாது. இணுவிலில பிறந்து 1975 இல மறைஞ்ச தட்சிணாமூர்த்தியின்ர தவிலைப் பழைய ஒலிப்பதிவுகளில கேட்டுப் பாருங்கோ. நாதஸ்வரம் மூச்செடுக்கிற இடமெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும்.

இரவல் மைக்:
அண்ணை, அது மண்டபத்துக்குச் சரி. வீட்டு அறையில ரெண்டு பேரையும் இருத்தினா குரல் மைக் முழுக்க மிருதங்கம்தான் கேக்கும். பேந்து ஒரு சொல் பிழைச்சாலும் திருத்த ஏலாது. குரலை வெட்டினா அதோட ஒட்டிக்கொண்டு மிருதங்கச் சொல்லும் பாதியில அறும். தனியாப் பதிஞ்சா அந்தக் கரைச்சல் இல்லை. மூச்செடுக்கிற இடத்தில வெட்டி, மற்ற டேக்கை வைச்சு, 10 மில்லிசெக்கன் க்ரொஸ்ஃபேட் (ஒண்டு மங்க மற்றது எழும்புற ஒட்டு) போட்டா ஒருத்தருக்கும் விளங்காது. அக்கா, 24 பிட்டில பதியுங்கோ. உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிண்டாப் போதும். 'டிக் டிக்' எண்டு காலம் காட்டுற மெற்றோனோமை ஹெட்ஃபோனில விட்டா காலப்பிரமாணமும் (பாட்டின்ர வேகம்) அசையாது.

வலந்தலை:
மூச்சில வெட்டுறதில எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி. மெற்றோனோமை மட்டும் தோடிக்குக் கொண்டு வராதையும். பாடுற பிள்ளை அடுத்த 'டிக்'கைப் பாத்துக்கொண்டிருந்தா சங்கதி குறுகிப் போகும். இன்னொரு பயமும் இருக்கு. தனியாப் பதிஞ்ச குரலைக் கண்டா உங்களை மாதிரி ஆக்களுக்கு ஓட்டோ-ட்யூன் போடக் கை துடிக்கும். 1997 இல வந்த அந்த மென்பொருள் குரலைப் பன்னிரண்டு சுரக் கட்டத்துக்குள்ள இழுக்கிறது. தோடிக் காந்தாரம் ஒரு இடத்தில நிக்கிற சுரமோ? ஆடிக்கொண்டு வாறதுதான் அதின்ர உயிர். அதை இழுத்து நிப்பாட்டினா ராகம் போச்சு.

இரவல் மைக்:
ஓட்டோ-ட்யூன் நானும் கேக்கேல்லை அண்ணை, சுரத்தை ஆட்டுற கமகத்தில கை வைக்கக் கூடாதுதான். ஆனா மிருதங்கம் திருப்பி வாசிக்கிற வசதியை ஏன் விடவேணும்?

மருதனார்மடம்:
ரெண்டு பேரும் அறையை மறந்திட்டியள். முதல்ல ஃபானை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தி, சும்மா இருந்து அரை நிமிசம் பதிஞ்சு ஹெட்ஃபோனில சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கோ. 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல் கேட்டா லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் போட்டுத் திருப்பிப் பதியுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த இரைச்சல் அதிலயும் அதின்ர மடங்குகளிலயும்தான் வாறது. கன நேரம் பற்றரியிலயே போயிடும். சீமெந்து நிலத்தில பாய் விரிச்சு, வெறும் சுவருக்கு முன்னால மெத்தையை நிமித்தி வையுங்கோ. எதிரொலி ஒருக்காப் பதிஞ்சிட்டா எந்த வெட்டாலயும் எடுக்கேலாது.

கொக்குவில் குரல்:
சார்ஜரைக் கழட்டிப் பாத்தன், இரைச்சல் நிண்டிட்டுது. நல்ல உதவி. வலந்தலை அண்ணை, சேந்து பதியிறது எண்டா என்ர ரெண்டு மைக்கை எப்பிடி வைக்கிறது?

வலந்தலை:
மைக் விசயம் தம்பிக்குத்தான் தெரியும். நான் சொல்லுறது இவ்வளவுதான்: ஒருத்தற்ற முகம் மற்றவருக்குத் தெரியவேணும்.

இரவல் மைக்:
சேந்துதான் எண்டா எதிர் எதிரா இருங்கோ. கண்டென்சர் அக்காவுக்கு, அதின்ர முதுகு மிருதங்கத்தைப் பாக்கட்டும். கார்டியோயிட் மைக் முதுகுப் பக்கம் குறைவாத்தான் கேக்கும். இன்டர்ஃபேஸில 48 வோல்ட்டைப் போட மறக்காதையுங்கோ, இல்லாட்டி கண்டென்சர் வேலை செய்யாது. டைனமிக்கை மிருதங்கத்துக்கு நடுவில, ரெண்டு தலையும் கேக்கிற மாதிரி, ஒரு அடி தள்ளி வையுங்கோ. அப்ப ரெண்டு மைக்குக்கும் இடையில குறைஞ்சது மூண்டு அடி வேணும். மிருதங்கம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதால பிழைச்சா வெட்டப் பாக்காமல் சரணத்தை முழுசாத் திருப்பிப் பாடுங்கோ. இதுதான் எனக்கு விருப்பமில்லாத பகுதி. ஒரு சொல்லுக்காக ரெண்டு பேரும் முழுச் சரணத்தையும் திருப்பி வாசிக்கவேணும்.

வலந்தலை:
திருப்பி வாசிக்கட்டும். ரெண்டாந்தரம் வாசிக்கேக்க கை இன்னும் இறங்கும்.

கொக்குவில் குரல்:
அப்ப வயலினுக்கு மூண்டாவது மைக் இல்லையே?

வலந்தலை:
வயலினைப் பேந்து பதியுங்கோ, பிள்ளை. உருப்படியில (மெட்டமைச்ச பாட்டில) அது உங்கட குரலுக்கு நிழலாத்தானே வருது. முன்னுக்கு, தாளமில்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனை பாடுறதா இருந்தா மட்டும் வயலினைக் கூட வைச்சுப் பதியுங்கோ; அந்த இடத்தில மிருதங்கம் இல்லாதபடியால் மைக் ஒண்டு சும்மாதானே கிடக்கும்.

இரவல் மைக்:
அதுக்கு நான் ஓம். ஆனா ரெண்டு நாளில பதியிறதா இருந்தா ரெண்டு நாளும் அதே தம்புரா, அதே சுருதி. புழுக்கத்துக்கு மிருதங்கத்தின்ர சுருதி இறங்கினா ஒவ்வொரு டேக்குக்கு முதலும் கூட்டச் சொல்லுங்கோ.