உயிரோடு இருந்தும் வேலை செய்யாத புராசஸ்: உங்கள் அனுபவம் என்ன?

நான் பராமரிக்கும் சர்வர் ஒன்றில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளைகளின் விற்பனைக் கணக்கை எடுத்து வந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்கும் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஒரு வெள்ளிக்கிழமை இரவு உறைந்துபோனது. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா அழைத்து, "நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு அப்புறம் ஒண்ணுமே ஏறலையே சார்" என்று சொல்லும்வரை எனக்கு அது தெரியாது. புராசஸ் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும்படி நான் கண்காணிப்பை அமைத்திருந்தேன்; அது இருந்தது, ஆகவே திரை முழுவதும் பச்சையாகவே இருந்தது.

லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) பிழை எதுவும் இல்லை. ஒரு புராசஸ் இயக்கமுறைமையிடம் என்ன கேட்கிறது என்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி கொண்டு பார்த்தபோதுதான், பதில் வராத ஒரு சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனையில்) தரவுக்காக அது காத்திருப்பது தெரிந்தது. அந்த சாக்கெட்டுக்கு டைம்அவுட் (காத்திருப்புக்கான கால வரம்பு) வைக்கப்படவில்லை. மறுமுனை சொல்லாமல் மறைந்துவிட்டால், அத்தகைய காத்திருப்புக்கு முடிவே கிடையாது. மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவை இயக்கியிருந்தாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7200 நொடிகளுக்குப் பிறகே செல்லும்.

டைம்அவுட்டைச் சேர்த்ததோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சுற்றும் வெற்றியாக முடிந்த நேரத்தைப் புராசஸே வெளியிடும்படி மாற்றி, இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை எழும்படி ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் விதி எழுதினேன். வரம்பை முதலில் 20 நிமிடமாக வைத்தது என் தவறு. வழக்கமாக 4 நிமிடத்தில் முடியும் சுற்று, மாதக் கடைசியில் 20 நிமிடம் வரை நீள்கிறது. அதனால் இரு வெற்றிகளுக்கு இடையே 31 நிமிடம் ஆவது இயல்புதான் என்பதைப் பழைய லாக்குகளைக் கணக்கிட்ட பிறகே உணர்ந்தேன். அதற்குள், இரவுப் பணியில் இருந்த நண்பரை மூன்று முறை வீணாக எழுப்பிவிட்டோம். இப்போது வரம்பு 45 நிமிடம். அந்த அளவீடே வராமல் போனால் ஒப்பிட எதுவும் இருக்காது, எச்சரிக்கையும் எழாது என்பதால், அது இல்லாமல் போவதைக் கண்டறிய ஆப்சென்ட் விதி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

*

தங்கள் பகிர்வுக்கு நன்றி ஐயா. எங்கள் அனுபவம் சற்று வேறானது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் சேவையை நிறுத்தும் காவல்) நேரத்தை 60 நொடியாக வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று தெரிவிக்கும் பொறுப்பைத் தனித் திரெட் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் செயல்கிளை) ஒன்றிடம் கொடுத்திருந்தோம். வேலை செய்யும் இரண்டு திரெட்கள் ஒன்று பிடித்திருந்த பூட்டுக்காக மற்றொன்று காத்து டெட்லாக்கில் நின்றபோதும், அந்தத் தனித் திரெட் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிஸ்டம்டி எதையும் கவனிக்கவில்லை.

இப்போது, ஒவ்வொரு வேலைத் திரெட்டும் ஓர் உருப்படியை முடிக்கும்போதோ, வேலையின்றிக் காத்திருந்து விழிக்கும்போதோ தன் நேரத்தைக் குறிக்கிறது. அவை எல்லாமே அண்மையில் நகர்ந்திருந்தால் மட்டுமே செய்தி செல்லும். நேரம் கடந்தால் சிஸ்டம்டி புராசஸை முறித்து நிறுத்தும் எஸ்ஐஜிஅபார்ட் சிக்னலை அனுப்புவதால், கோர் டம்ப் (புராசஸ் விழும் நேரத்து நினைவக நகல்) இயக்கப்பட்டிருக்கும் சர்வரில் எந்தத் திரெட் எந்தப் பூட்டில் நின்றது என்பதும் கிடைக்கிறது. மறுதொடக்கத்தை மட்டும் யூனிட் கோப்பில் (சேவையின் அமைப்புக் கோப்பில்) நாமேதான் குறிப்பிட வேண்டும். நாங்கள் அதை மறந்துவிட்டதால், முதல் முறை வாட்ச்டாக் சரியாகப் பிடித்தும் சேவை நின்றபடியே கிடந்தது.