யுனிக் ஓட்டியும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி:
தமிழ்ப் பிழைதிருத்திக்காகச் சொற்பட்டியல் சேர்க்கிறேன், வரிக்கு ஒரு சொல். நான்கைந்து கோப்புகளை ஒட்டியதில் மூன்று லட்சம் வரி தாண்டிவிட்டது. லினக்ஸில் யுனிக் (uniq, திரும்ப வரும் வரிகளை நீக்கும் கட்டளை) ஓட்டினேன், கொஞ்சம் குறைந்தது, ஆனால் 'மரம்' இன்னும் ஏழு இடத்தில் இருக்கிறது. எங்கே தவறு?

மறுமொழி 1:
யுனிக் ஒரு வரியை அதற்கு நேர் மேலே உள்ள வரியோடு மட்டும்தான் ஒப்பிடும், அதற்கு முன்னால் போனதெல்லாம் அதற்கு நினைவில்லை. அதனால் முதலில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort), அப்புறம் அதன் வெளியீட்டை பைப் (|) போட்டு யுனிக்குக்கு அனுப்புங்கள், ஒரே வரிகள் அடுத்தடுத்து வந்துவிடும். எது எத்தனை முறை வந்தது என்று தெரிய வேண்டுமானால் யுனிக்குக்கு மைனஸ் சி (-c) கொடுங்கள், நீக்கினால் போதும் என்றால் சார்ட் மைனஸ் யு (-u) ஒன்றே போதும். தயவுசெய்து ஒன்று கவனியுங்கள்: வெளியீட்டை அம்புக்குறி (>) போட்டு அதே கோப்புக்குத் திருப்பாதீர்கள், சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து சேர்த்த பட்டியலை நான் அப்படித்தான் இழந்தேன். சார்ட்டுக்கு மைனஸ் ஓ (-o) போட்டு அதே பெயரைக் கொடுத்தால் ஆபத்தில்லை.

மறுமொழி 2:
வரிசை மாறக் கூடாது என்றால் ஆக் (awk, உரையை வரி வரியாகக் கையாளும் கருவி) நல்லது. பார்த்த வரிகளை ஒரு அரேயில் (நினைவகப் பட்டியலில்) குறித்துக்கொண்டு முதல் தடவை வருவதை மட்டும் அச்சிடச் சொல்லலாம். வெவ்வேறு வரிகள் அத்தனையும் நினைவகத்தில் நிற்கும், மூன்று லட்சத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

கேட்டவர்:
சார்ட் மைனஸ் யு போட்டேன், 'மரம்' ஒன்றாகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் 'பள்ளி' இரண்டு, 'கொடி' இரண்டு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுமொழி 3:
'பள்ளி' அநேகமாக விண்டோஸ் கோப்பிலிருந்து வந்திருக்கும், அங்கே வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், எழுத்துகளை நீக்க உதவும் டிஆர் (tr) கட்டளையில் மைனஸ் டி (-d) கொண்டு அதை நீக்குங்கள். 'கொடி' வேறு. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு, அதனால் சார்ட் இரண்டையும் வெவ்வேறு வரியாகவே எடுத்துக்கொள்கிறது. ஐசியு (ICU) என்ற யூனிகோட் நிரல் தொகுப்போடு வரும் யூகான்வ் (uconv) கட்டளையில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு சார்ட் செய்யுங்கள், ஓகாரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் 'ஔவை' என்பதை யாராவது ஒ, ள என்று இரண்டு எழுத்தாக 'ஒளவை' என்று அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. 'ஒள' என்று தொடங்கும் சொற்களை கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையில் எடுத்துக் கையால்தான் திருத்த வேண்டும், ஏனென்றால் 'ஒளி'யும் அதில் மாட்டும்.